இருவர் காத்த பின்களம்: கப்ரியேல் ஹனோவும் பிரான்சின் அமெச்சூர் கால்பந்தும்

கால்பந்தாட்டத்தின் வரலாற்றைக் கோல் அடித்தவர்களைக் கொண்டே எழுதுவது உலக வழக்காகிவிட்டது. பின்களத்தில் நின்று பந்தை மறித்தவர் தொண்ணூறு நிமிடமும் தம் கடமையைச் சரியாகச் செய்திருந்தால் மறுநாள் பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரு வரியும் இராது. ஒரே ஒரு முறை கால் இடறிவிட்டால் அவர் பெயர் தலைப்பிலேயே வந்துவிடும். பிரான்சின் தொடக்ககாலக் கால்பந்தில் ஆடிய பின்கள ஆட்டக்காரர்கள் பலருடைய பெயர்கள் இன்று அந்நாட்டவர்க்கே அந்நியமாகிப் போனதற்கு இதுவே காரணம். அவர்களுள் ஒருவருடைய பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. அதுவும் அவர் ஆடிய ஆட்டத்திற்காக அன்று. 1889 நவம்பர் 6 அன்று வடபிரான்சின் அராஸ் நகரில் பிறந்த கப்ரியேல் ஹனோ, ஐரோப்பியக் கோப்பைப் போட்டிக்கு வித்திட்ட பத்திரிகையாளராகவே எங்கும் அறிமுகப்படுத்தப்படுகிறார். ‘இளமையில் பிரான்சு அணிக்காகப் பன்னிரண்டு முறை ஆடியவர்’ என்பது அந்த அறிமுகத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வால். ஆனால் அவர் பிற்காலத்தில் எழுதியவை, வாதாடியவை, உடைத்தவை ஆகிய அனைத்தும் அந்தப் பன்னிரண்டு ஆட்டங்கள் நிகழ்ந்த உலகத்தோடு நேரடித் தொடர்பு உடையவை. அந்த உலகம் எத்தகையது என்பதை அறியாமல் ஹனோவை அறிவது இயலாது.

பிரான்சுக்குக் கால்பந்து கப்பலில் வந்தது. 1872ஆம் ஆண்டு லெ ஹாவ்ர் துறைமுகத்தில் ஆங்கிலேயர்கள் ஒரு கிளப் தொடங்கினர். பின்னர் பாரிசில் பணிபுரிந்த ஆங்கிலேயர்கள் தத்தமக்கெனக் கிளப்புகள் அமைத்துக்கொண்டனர். 1894இல் நடைபெற்ற முதல் சாம்பியன் போட்டியை வென்ற ஸ்டாண்டர்டு அத்லெட்டிக் கிளப் அத்தகையதே. பிரெஞ்சு இளைஞர்கள் அவர்களைப் பார்த்துப் பழகி, எதிர்த்து ஆடித் தோற்று, தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டனர். அப்போட்டியை நடத்தியது உடற்பயிற்சி விளையாட்டுச் சங்கங்களின் ஒன்றியம். நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த பியேர் தெ குபெர்த்தென் அதன் செயலாளராக விளங்கியவர். கால்பந்து அந்த ஒன்றியத்தின் பல பிள்ளைகளுள் ஒன்று. செல்லப்பிள்ளை என்று சொல்வதற்கில்லை. ரக்பியின் மீதும் ஓட்டப் பந்தயங்களின் மீதும் இருந்த பரிவு கால்பந்தின் மீது அதற்கு இருந்ததில்லை.

ஒன்றியத்தின் வேதவாக்கு ‘அமெச்சூர்’ என்பது. விருப்பத்தால் செய்பவன் என்று பொருள்படும் இந்தப் பிரெஞ்சுச் சொல், நாடக மேடை வழியாகத் தமிழுக்கும் பழக்கமானதே. ஆட்டக்காரன் பரிசுப் பணம் பெறக் கூடாது, கூலி பெறக் கூடாது, விளையாட்டைக் கற்பித்துப் பிழைக்கவும் கூடாது என்பது விதி. கேட்பதற்கு இது உயர்ந்த கொள்கையாகத் தோன்றும். உயர்ந்ததுதான், ஆனால் உணவு மேசையில் ரொட்டி இருப்பவனுக்கே அது எளிது. ஆலையிலே வாரம் முழுவதும் உழைக்கும் தொழிலாளி ஒரு வெளியூர் ஆட்டத்திற்குச் சென்றால் அவனுக்கு ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியை ஈடுசெய்வதும் குற்றம் என்று சொன்ன விதி, வெளிப்படையாகச் சொல்லாமலே, யார் ஆடலாம், யார் ஆடலாகாது என்பதையும் தீர்மானித்துவிட்டது.

இது வடபிரான்சில் தெளிவாகத் தெரிந்தது. பெல்ஜிய எல்லையை ஒட்டிக் கிடக்கும் ரூபே, தூர்குவான் ஆகிய இரட்டை நகரங்கள் கம்பளிக்கும் நெசவுக்கும் பெயர் பெற்றவை. வானத்தை நோக்கி நிற்கும் புகைபோக்கிகளின் அடியில் வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகள். ஆனால் அந்நகரங்களின் கால்பந்து அணிகளில் தொடக்கத்தில் ஆடியவர்களுள் பலர் ஆலை முதலாளிகளின் வீட்டுப் பிள்ளைகள். ஜவுளித் தொழிலில் செழித்த துப்ளி குடும்பத்தின் சகோதரர்கள் ரூபே அணியில் ஆடினர். அவர்களுள் ழான், ரெமோன் ஆகியோர் நாட்டின் அணிக்கும் ஆடினர். ரூபேயின் ரேசிங் கிளப் 1902 முதல் 1908 வரை ஐந்து முறை ஒன்றியத்தின் சாம்பியனாயிற்று. பக்கத்து நகரமாகிய தூர்குவான், ரூபேயின் வெற்றிகளை எல்லைக்கு அப்பாலிருந்து பார்த்துப் பொருமியபடி வளர்ந்தது. ஹனோ ஆடியது இந்தத் தூர்குவான் அணியில்தான்.

அன்றைய பின்கள ஆட்டம் இன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். இப்போது நால்வரோ ஐவரோ வரிசையாக நின்று காக்கும் இடத்தை அப்போது இருவரே காத்தனர். அவர்களுக்கு முன்னே மூன்று இடைக்களத்தார், அவர்களுக்கும் முன்னே ஐந்து தாக்குநர்கள் என்பது அணியின் அமைப்பு. இருவரைக் கொண்டு ஐவரை எப்படித் தடுப்பது? அதற்குத் துணை நின்றது ஆஃப்சைடு விதி. பந்து அனுப்பப்படும் கணத்தில், தாக்குநருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும் என்று 1925 வரை விதி இருந்தது. அந்த ஆண்டில்தான் மூன்று என்பது இரண்டாயிற்று. ஆகவே பின்கள வீரர் இருவருள் ஒருவர் சரியான நேரத்தில் ஓரடி முன்னே நகர்ந்துவிட்டால், எதிரணியின் ஐந்து தாக்குநர்களும் கணத்தில் குற்றவாளிகளாகிவிடுவர். ஒருவர் முன்னேற மற்றவர் பின்னே நிற்க வேண்டும். பேசிக்கொள்ள நேரம் இராது. ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்திருந்தாலொழிய இது கைகூடாது. இதற்கு வேண்டிய முதல் தகுதி காலின் வலிமை அன்று. ஆட்டம் முழுவதையும் ஒரு வரைபடம் போலக் கண்முன் விரித்துப் பார்க்கும் பார்வையே. பின்களத்தில் நிற்பவர் ஒருவகையில் ஆட்டத்தின் முதல் விமர்சகர். அக்காலப் பிரெஞ்சுப் பின்கள வீரர்களுள் சிலர் பின்னாளில் எழுத்தாளர்களானது தற்செயல் என்று தோன்றவில்லை. ரெட் ஸ்டார் அணியின் பின்கள வீரரும் பிரான்சின் அணித்தலைவருமான லூசியன் கம்ப்லேனும் ஹனோவைப் போலவே விளையாட்டுப் பத்திரிகையாளரானார்.

மற்ற இடர்களும் இருந்தன. காயம்பட்டவருக்கு மாற்று ஆட்டக்காரர் கிடையாது; கால் முறிந்தால் பத்துப் பேரோடு ஆட்டம் தொடரும். 1912 வரை கோல் காப்பாளர் தம் பாதிக்களம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். அவரைத் தோளால் மோதித் தள்ளுவதும் விதிக்கு உட்பட்டதே. அவரை அந்த மோதல்களிலிருந்து காப்பதும் பின்கள வீரர் இருவரின் வேலைகளுள் ஒன்று.

பிரான்சின் முதல் அதிகாரபூர்வ நாடுகளிடை ஆட்டம் 1904 மே 1 அன்று பிரசல்சில் பெல்ஜியத்துக்கு எதிராக நடைபெற்று 3-3 என்று சமநிலையில் முடிந்தது. அன்று அணித்தலைவராக இருந்தவர் ஃபெர்னான் கனேல் என்ற பின்கள வீரர். அதே மாதம் 21ஆம் நாள் பாரிசில் ஃபிஃபா தோன்றியது. அதன் முதல் தலைவர் ரொபேர் கெரேன் என்ற பிரெஞ்சுக்காரர். உலகக் கால்பந்துக்குச் சங்கம் அமைத்துக் கொடுத்த நாடு, களத்தில் மட்டும் அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. 1906 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் அமெச்சூர் அணி பாரிசுக்கு வந்து பதினைந்து கோல்கள் அடித்துச் சென்றது. பிரான்சு ஒன்றும் அடிக்கவில்லை. 1908 மார்ச் 23 அன்று லண்டனில் மீண்டும் மோதியபோது கணக்கு 12-0. பின்கள வீரர்கள் அக்காலத்தில் எத்தகைய மதிய வேளைகளைக் கழித்தனர் என்பதை இந்த எண்களே சொல்லும்.

இந்த இரு தோல்விகளுக்கும் இடையேதான், 1908 மார்ச் 8 அன்று ஜெனிவா நகரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஹனோ முதன்முறையாக நாட்டின் சட்டையை அணிந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பிரான்சு 2-1 என்று வென்றது. அந்நாளைய பிரெஞ்சு அணிக்கு வெளிநாட்டு மண்ணில் வெற்றி என்பது அரிய பொருள்.

பிறகு அவர் ஜெர்மனிக்குச் சென்றார். மூன்ஸ்டர் நகரின் புரொய்சன் கிளப்பில் சிறிது காலம் ஆடினார். 1870ஆம் ஆண்டுப் போரின் வடு ஆறாதிருந்த பிரான்சில், ஓர் இளைஞன் ஜெர்மானிய அணி ஒன்றில் சேர்ந்து ஆடியது சிறிய செய்தி அன்று. எல்லையைத் தாண்டினால் ஆட்டம் வேறாக இருக்கும், ஆட்டத்தைப் பற்றிய எண்ணமும் வேறாக இருக்கும் என்பதைத் தம் காலாலேயே அறியும் வாய்ப்பு அவருக்கு இளமையிலேயே கிட்டியது. அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சு இரண்டு அணிகளை அனுப்பியது. ஓர் அணி டென்மார்க்கிடம் 9-0 என்று தோற்றது. மற்ற அணி அதே டென்மார்க்கிடம் 1908 அக்டோபர் 22 அன்று 17-1 என்று தோற்றது. டென்மார்க்கின் சோஃபுஸ் நீல்சன் ஒருவரே பத்துக் கோல்கள் அடித்தார். ஹனோ அந்த அணிகளில் இல்லை. ஆனால் பதினேழு கோல் வாங்கிய அணியில் ஆடிய ஒருவரை நினைவிற் கொள்வது நல்லது: மத்தியதரைக் கடற்கரையின் செத் நகரத்தவரான ழோர்ழ் பாய்ரூ. அவரும் ஹனோவும் கால் நூற்றாண்டு கழித்து ஒரே வழக்கில் ஒரே பக்கம் நின்று வாதாடப் போகிறவர்கள்.

ஒலிம்பிக் அவமானத்தைவிடப் பெரிய இடையூறு ஒன்று அதே ஆண்டில் நேர்ந்தது. ஒன்றியம் ஃபிஃபாவிலிருந்து விலகிற்று. பிரான்சின் இடத்தை ஷார்ல் சிமோன், ஆன்ரி தெலோனே ஆகியோர் நடத்திய கூட்டமைப்புகளிடைக் குழு எடுத்துக்கொண்டது. கத்தோலிக்க இளைஞர் மன்றங்களை அடிப்படையாகக் கொண்டு எழுந்த அக்குழுவுக்கும், சமயச் சார்பற்ற ஒன்றியத்துக்கும் இடையிலான பகை ஆட்டத்தைப் பற்றியது மட்டும் அன்று. தேவாலயத்துக்கும் குடியரசுக்கும் இடையே அன்றைய பிரான்சில் நடந்துகொண்டிருந்த பூசலின் ஒரு கிளை. விளைவு, ஒன்றியத்தின் கிளப்புகளில் ஆடியவர்கள் நாட்டின் அணிக்கு வெளியே நின்றனர். தூர்குவான் ஒன்றியத்தைச் சேர்ந்த கிளப். 1910இல் அது ஒன்றியத்தின் சாம்பியனாயிற்று. இறுதி ஆட்டத்தில் மார்செய் நகரின் ஸ்தாத் எல்வெத்திக் அணியை 7-2 என்று வென்றது. நாட்டின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்றின் ஆட்டக்காரர்கள், அலுவலகங்களின் பிணக்கால் நாட்டுக்கு ஆட இயலாத நிலை. 1913 தொடக்கத்தில் ஒன்றியம் இறங்கிவந்து குழுவில் சேர்ந்த பின்னரே அந்தப் பிளவு முடிவுக்கு வந்தது. 1908 முதல் 1919 வரை பதினோராண்டுக் காலத்தில் ஹனோ பன்னிரண்டு ஆட்டங்களே ஆடினார், அவற்றில் மூன்று கோல்கள் அடித்தார் என்னும் கணக்கைப் பார்க்கும்போது, இந்தப் பிணக்கு விழுங்கியதையும் அடுத்து வந்த போர் விழுங்கியதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. ஹனோவின் வாழ்வோடு பிணைந்த இரு நகரங்களும் அதன் வாயில் விழுந்தன. தூர்குவான் அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மானியர் வசமாகி நான்கு ஆண்டுகள் அவர்களிடமே இருந்தது. அராஸ் போர்முனையிலேயே நின்று பீரங்கிகளால் சிதைந்தது. அந்த அராசுக்கு அருகில்தான், 1915 ஜூனில், ஷார்ல் சிமோன் களத்தில் மாண்டார். 1917ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோப்பைப் போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இன்று பிரெஞ்சுக் கோப்பை என வழங்கும் போட்டி அதுவே. கிளப்பில் உடன் ஆடியவர்கள், எதிர்த்து ஆடியவர்கள் எனப் பலர் திரும்பி வரவில்லை. ஹனோ ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார், தப்பினார், விமானியானார்.

போர் ஓய்ந்த பின் பிரான்சு ஆடிய முதல் ஆட்டம் 1919 மார்ச் 9 அன்று பிரசல்சில், பெல்ஜியத்துக்கு எதிராக. 2-2 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் ஹனோ அணித்தலைவர். நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. விமான விபத்து ஒன்று அவருடைய ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 7 அன்று ஜூல் ரிமே தலைமையில் பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனம் உருவாயிற்று. கிளப்புகளுக்கும் குழுக்களுக்கும் இடையே சிதறிக் கிடந்த ஆட்டம் ஒரே கூரையின் கீழ் வந்தபோது, அந்தச் சிதறலால் நட்டப்பட்ட ஆட்டக்காரர் களத்தைவிட்டு வெளியேறியிருந்தார்.

கால் நின்ற இடத்தில் பேனா தொடங்கியது. ‘மிருவார் தே ஸ்போர்’ இதழில் ஹனோ எழுதிய கட்டுரைகள் ஆட்ட வருணனையோடு நின்றுவிடவில்லை. 1920களில் பிரெஞ்சுக் கால்பந்தை ஒரு பொய் அரித்துக்கொண்டிருந்தது. பார்வையாளர் பெருகினர், நுழைவுச்சீட்டுப் பணம் பெருகிற்று, வெல்ல வேண்டும் என்ற வெறி கிளப்புகளுக்கும் நகரங்களுக்கும் பெருகிற்று. விதி மட்டும் பழைய விதியாகவே இருந்தது. எனவே பணம் மறைவாகக் கைமாறியது. ஆட்டக்காரனுக்குப் பயணச்செலவு என்ற பெயரில் ஒரு தொகை, உள்ளூர் முதலாளியின் கடையில் பெயரளவுக்கு ஒரு வேலை, சில சமயம் ஒரு சிற்றுண்டிச் சாலையையே எழுதிக் கொடுப்பது எனப் பல வழிகள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குப் ‘பழுப்பு அமெச்சூர்’ என்று பெயரிட்டனர். வெள்ளையும் அன்று, கறுப்பும் அன்று. எல்லாரும் அறிந்த, எவரும் ஒப்புக்கொள்ளாத வழக்கம். ஆங்கிலேயர்கள் 1885ஆம் ஆண்டிலேயே தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கிவிட்டிருந்தனர். பிரான்சோ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்தது.

இங்கேதான் ஹனோவின் நிலைப்பாடு கூர்ந்து நோக்கத் தக்கதாகிறது. கூலி பெறாத தலைமுறையில் ஆடியவர் அவர். அமெச்சூர் கொள்கையின் புகழ் பாடிக்கொண்டு, ‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கும் கட்டுரைகளை வாழ்நாள் முழுவதும் எழுதியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எதிர்ப்பக்கம் நின்றார். ஆட்டக்காரனுக்குக் கூலி கொடுங்கள், வெளிச்சத்தில் கொடுங்கள், ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள் என்பதே அவருடைய வாதம். செத் கிளப்பின் தலைவராக வளர்ந்திருந்த பாய்ரூவும், பத்திரிகையாளரும் நிர்வாகியுமான இம்மானுவேல் கம்பார்தெல்லாவும் அதே அணியில் நின்றனர். டென்மார்க்கிடம் பதினேழு கோல் வாங்கியவர் ஆசையால் மட்டும் ஆடுபவர்களின் எல்லையைப் பிறரைவிட நன்றாகவே அறிந்திருப்பார் அல்லவா?

பெஜோ மோட்டார் நிறுவனம் 1928இல் சோஷோ நகரில் ஒரு கிளப் தொடங்கி, சிறந்த ஆட்டக்காரர்களை வெளிப்படையாகவே சேர்க்க முற்பட்டதும் நிலைமை முற்றிற்று. ஒளித்துக் கொடுப்பதில் கிடைக்கும் லாபத்தைவிட வெளிப்படையாகக் கொடுப்பதில் கிடைக்கும் விளம்பரம் பெரிது என்பதை அந்த ஆலை கண்டுகொண்டது. 1931 ஜனவரியில் சம்மேளனம் தொழில்முறை ஆட்டத்தைக் கொள்கையளவில் ஏற்றது. 1932 செப்டம்பர் 11 அன்று இருபது கிளப்புகளுடன் முதல் தொழில்முறைச் சாம்பியன் போட்டி தொடங்கியது.

தொடக்கம் தூய்மையாக இருந்தது என்று சொல்ல இயலாது. பத்துப் பத்தாக இரு பிரிவுகள். ஒரு பிரிவில் முதலிடம் பெற்ற ஆன்திப் அணி, ஆட்ட முடிவை விலைபேசியது என்ற ஐயத்தால் விலக்கப்பட்டது. இரண்டாமிடத்திலிருந்த கான் இறுதி ஆட்டம் ஆடி லீல் அணியிடம் 4-3 என்று தோற்றது. மறைவுப் பணத்தை ஒழிக்க வந்த போட்டியின் முதலாண்டிலேயே மறைவுப் பணத்தின் நிழல் விழுந்தது. அமெச்சூர் வாதிகள் இதைக் காட்டிப் பேசியது நியாயமே. ஆனாலும் ஒரு வேறுபாடு இருந்தது. முன்பு குற்றம் என்பதே எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் எவரையும் தண்டிக்க வழியில்லை. இப்போது விதி உண்மையைப் பேசியதால் அதை மீறியவரைச் சுட்ட முடிந்தது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஹனோ மீண்டும் நாட்டின் அணியோடு இணைந்தார். 1945 முதல் 1949 வரை அணியின் தொழில்நுட்பப் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பணியில் கஸ்தோன் பாரோ நெடுங்காலமாக இருந்துவந்தார். 1945 மே 26 அன்று வெம்பிளியில் இங்கிலாந்துடன் 2-2. மறு ஆண்டு மே 19 அன்று கொலோம்பில் அதே இங்கிலாந்தை 2-1 என்று வென்றது பிரான்சு. பதினைந்தும் பன்னிரண்டுமாகக் கோல்கள் விழுந்த காலத்தில் ஆடியவருக்கு அந்தக் கணக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

ஆனால் அவர் அப்போதும் பத்திரிகையாளர். போருக்குப் பின் 1946இல் தோன்றிய ‘லெக்கிப்’ நாளிதழில் எழுதிக்கொண்டே அணியையும் கவனித்தார். ஒரே மனிதர் பரீட்சை எழுதுபவராகவும் திருத்துபவராகவும் இருந்தார். இது சரியான ஏற்பாடு அன்று. அவரைத் தவிர வேறொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் அசிங்கமாகவும் முடிந்திருக்கும். 1949 ஜூன் 19 அன்று கொலோம்பில் ஸ்பெயின் பிரான்சை 5-1 என்று நொறுக்கியது. சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னிலையில். அதைத் தொடர்ந்து ‘லெக்கிப்’ இதழில் பெயரிடப்படாத கட்டுரை ஒன்று வந்தது. அணியின் பொறுப்பாளர் கப்ரியேல் ஹனோ விலக வேண்டும் என்று அது கோரியது. எழுதியவர் கப்ரியேல் ஹனோ. அவ்வாறே விலகினார்.

இந்நிகழ்ச்சியைப் பலர் வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் சிரித்துக் கடந்துவிடுகின்றனர். அது வேடிக்கை அன்று. தோற்ற பயிற்சியாளர்கள் மழையையும் நடுவரையும் புல்தரையையும் பழிப்பது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். பிறரைப் பற்றி எழுதும்போது எந்த அளவுகோலைக் கையிலெடுத்தாரோ, அதே அளவுகோலைத் தம்மீதும் வைத்துப் பார்த்தார், குறைந்தது, எழுதினார். பெயரை மறைத்தது ஏன் என்று கேட்கலாம். பெயரோடு எழுதியிருந்தால் அது பதவி விலகல் கடிதமாகியிருக்கும். மறைத்து எழுதியதால் விமர்சனமாக நின்றது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1954 டிசம்பர் 13 இரவு, இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் அணி ஹங்கேரியின் புகழ்பெற்ற ஹோன்வேத் அணியை 3-2 என்று வென்றது. சேறாகிக் கிடந்த களம். பாதி நேரத்தில் ஹோன்வேத் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. மறுநாள் லண்டன் பத்திரிகை வுல்வர்ஹாம்ப்டனை உலகச் சாம்பியன் என்று கொண்டாடியது. ஆட்டத்தை நேரில் பார்த்திருந்த ஹனோவுக்கு இது பொறுக்கவில்லை. அந்த அணி மாஸ்கோவிலும் புடாபெஸ்டிலும் சென்று ஆடி வரட்டும். மிலான் இருக்கிறது, ரியல் மாட்ரிட் இருக்கிறது. ஐரோப்பியக் கிளப்புகளுக்கு ஒரு போட்டி வைத்த பின்னரே யார் சிறந்தவர் என்பதைச் சொல்ல இயலும் என்ற கருத்துப்பட ‘லெக்கிப்’பில் எழுதினார். மத்திய ஐரோப்பாவில் 1927 முதலே மித்ரோபா கோப்பை நடந்தது உண்டு. தென்னமெரிக்கக் கிளப்புகள் 1948இல் சந்தியாகோவில் கூடி ஆடியதும் உண்டு. கண்டம் முழுவதையும் ஒரே மேசையில் அமர்த்தும் எண்ணத்திற்கு இப்போது வடிவம் கிடைத்தது.

பத்திரிகையின் அதிபர் ஜாக் கொதேயும், ஹனோவின் இளைய தோழர் ஜாக் ஃபெரானும் அந்த எண்ணத்தை விடாமல் பற்றிக்கொண்டனர். சங்கங்கள் தயங்கின. அப்போதுதான் பிறந்திருந்த ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்துக்குக் கிளப் போட்டியில் ஆர்வம் இல்லை. அலுவலகங்களின் தயக்கத்தால் ஆட்டக்காரரின் ஆண்டுகள் எப்படி வீணாகும் என்பது ஹனோவுக்குப் புதிய செய்தி அன்று. பத்திரிகை நேராகக் கிளப்புகளையே அழைத்தது. 1955 ஏப்ரல் 2, 3 தேதிகளில் பாரிசின் அம்பாசதர் ஓட்டலில் கூட்டம் நடைபெற்று விதிகள் ஏற்கப்பட்டன. பிறகு ஃபிஃபா இசைவு தர, ஐரோப்பியச் சங்கம் போட்டியை ஏற்று நடத்த முன்வந்தது. 1955 செப்டம்பர் 4 அன்று லிஸ்பனில் ஸ்போர்டிங் அணியும் யூகோஸ்லாவியாவின் பார்ட்டிசான் அணியும் 3-3 என்று முதல் ஆட்டத்தை ஆடின. விவாதத்தைக் கிளப்பிய இங்கிலாந்திலிருந்து மட்டும் எவரும் வரவில்லை. அழைக்கப்பட்ட செல்சியை அந்நாட்டு லீக் தடுத்துவிட்டது. 1956 ஜூன் 13 அன்று பாரிசில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரான்சின் ரேன்ஸ் அணி இரண்டு கோல் முன்னிலை பெற்றும், ரியல் மாட்ரிடிடம் 4-3 என்று தோற்றது. ரேன்ஸ் அணியின் நட்சத்திரம் ரெமோன் கொப்பா அந்த ஆட்டத்தின்போதே மாட்ரிடுக்குச் செல்வது உறுதியாகியிருந்தது. தொழில்முறை ஆட்டத்தின் தர்க்கம் அதுதான்.

அதே ஆண்டு ஹனோவும் அவருடைய தோழர்களும் ‘தங்கப் பந்து’ விருதைத் தொடங்கினர். முதல் விருது நாற்பத்தொரு வயதான ஆங்கிலேயர் ஸ்டான்லி மாத்யூசுக்குச் சென்றது. இதில் ஒரு முரண் உண்டு. பின்கள வீரர் ஒருவர் தோற்றுவித்த அவ்விருது, அவர் உயிரோடு இருந்தவரை ஒரு பின்கள வீரருக்கும் கிட்டவில்லை. 1963இல் சோவியத் நாட்டின் கோல் காப்பாளர் லெவ் யாஷினுக்குக் கிட்டியது. 1965இல் இன்டர் மிலானின் பின்கள வீரர் ஜியாசிந்தோ ஃபாகெத்தி, போர்ச்சுகலின் எய்சேபியோவுக்கு அடுத்த இரண்டாமிடத்தோடு நின்றார். மற்றெல்லாம் தாக்குநர்களுக்கும் இடைக்களத்தாருக்குமே. 1976இல் பெக்கன்பவர் இரண்டாம் முறை அதைப் பெற்ற காலத்தில்தான், பின்களத்திலிருந்தே ஆட்டத்தை ஆளலாம் என்பதை வாக்களித்தவர்கள் ஒருவாறு ஏற்றிருந்தனர்.

ஹனோ வாதாடிப் பெற்ற தொழில்முறை ஆட்டம் ஆட்டக்காரனுக்கு முழு நீதி வழங்கியதா என்ற கேள்வி எஞ்சுகிறது. கூலி கிடைத்தது; சுதந்திரம் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக் கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஆட்டக்காரன் முப்பத்தைந்து வயது வரை அந்தக் கிளப்புக்குக் கட்டுப்பட்டவன். கிளப் விரும்பினால் விற்கலாம். அவன் விரும்பினால் போக முடியாது. அமெச்சூர் காலத்தில் அவனை யாரும் வாங்கவில்லை, ஆகவே விற்கவும் இல்லை என்று பழைய கொள்கையினர் குத்திக்காட்டினால் பதில் சொல்வது கடினம். 1961இல் ஷூஸ்த் ஃபோந்தேனும் யூஜின் நியோ லெயாவும் ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சங்கம் அமைத்தனர். 1963இல், மாட்ரிடிலிருந்து ரேன்சுக்குத் திரும்பியிருந்த கொப்பா, பிரெஞ்சு ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்று பத்திரிகையில் வெளிப்படையாகவே கூறினார். தங்கப் பந்து பெற்றவர் சொன்னதால் அந்தச் சொல் நாடெங்கும் ஒலித்தது. நிர்வாகிகள் அவர்மீது நடவடிக்கை எடுத்தனர்.

கப்ரியேல் ஹனோ 1968 ஆகஸ்டு 10 அன்று சுவிட்சர்லாந்தின் எங்கல்பெர்க் என்னும் மலையூரில் காலமானார். அறுபது ஆண்டுகளுக்கு முன் நாட்டுக்காக முதலில் ஆடியதும் அதே சுவிட்சர்லாந்தில்தான். மறு ஆண்டு, 1969இல், முப்பத்தைந்து வயது வரை பிணைக்கும் ஒப்பந்தம் பிரான்சில் நீக்கப்பட்டு, ஆட்டக்காரரும் கிளப்பும் குறித்த கால அளவுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை நடைமுறைக்கு வந்தது.